நான் மூடச் சொன்ன மதகு

எங்கள் ஊர்ச் சதுக்கத்துப் பூங்காவில் செண்பக மரம் நின்ற இடத்தில் இப்போது ஒரு மண்மேடு இருக்கிறது. அந்த மரம் ஏன் பட்டுப்போனது என்று கேட்டால் ஊரில் பாதிப்பேர் மழையைச் சொல்வார்கள். மீதிப்பேர் என் சகலையைச் சொல்வார்கள். என்னைச் சொல்கிறவர் ஒருவரும் இல்லை.

சகலை என் மனைவியின் தங்கையைக் கட்டியவர். என்னைவிட நான்கு வயது இளையவர். பேராவூரணிப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருந்த குடும்பம். பாலிடெக்னிக்கில் சேர்ந்து பாதியில் விட்டுவிட்டார். நான் பொறியியல் படித்து நகராட்சி வேலையில் இருந்தவன். நான் பெண் பார்க்கப் போனபோது என் மாமனார் எழுந்து நின்று வரவேற்றார். கடைசிவரை எனக்கு எழுந்துதான் நின்றார். இளைய மாப்பிள்ளை வந்தால் எழுந்திருக்க மாட்டார். உட்கார்ந்தபடியே, "வாய்யா, ஒரு நட வயலுக்குப் போயிட்டு வருவோம்" என்பார். இருவரும் வரப்பில் முன்னும் பின்னுமாகப் பேசிக்கொண்டே போவார்கள். நான் மின்விசிறிக்கு அடியில் நாற்காலியில் உட்கார்ந்து, படித்த செய்தித்தாளை மறுபடி படிப்பேன்.

ஒரு பொங்கலுக்கு, வந்திருந்த உறவுக்காரர் ஒருவரிடம் மாமனார் எங்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் கொல்லையில் கை கழுவிக்கொண்டிருந்தேன். "மூத்த மாப்பிள்ள படிச்சவரு. இளையவரு நம்ம ஆளு." அவ்வளவுதான். அதில் என்னைக் குறைத்து ஒரு வார்த்தை இல்லை. ஆனால் நான் குழாயை மூடாமல் நின்றுகொண்டே இருந்தேன். சொன்னவர் இறந்து பல வருஷம் ஆகிறது. எனக்கு எழுபத்து நான்கு வயது. இன்றைக்கும் கை கழுவும்போது சில நாள் அது காதில் விழுகிறது.

பொறாமைக்கு அறிவு கிடையாது. மாமியார் விரால் குழம்பு வைத்தால், தலை யார் இலைக்குப் போகிறது என்று ஓரக்கண்ணால் பார்ப்பேன். மூத்தவன் என்பதால் முறைப்படி எனக்குத்தான் வைப்பார். எனக்கு மீன் தலை பிடிக்காது. அவருக்கு உயிர். ஆனாலும் ஒரு தடவைகூட வேண்டாமென்று சொன்னதில்லை. முள்ளோடு போராடித் தின்று முடிப்பேன், அது அவர் இலைக்குப் போய்விடக் கூடாதே என்று.

பிறகு அவர் மஸ்கட் போனார். தோட்ட வேலைக்கு என்று கேள்விப்பட்டபோது எனக்கு உள்ளுக்குள் நிம்மதியாக இருந்தது. கடைசியில் மண்வெட்டி பிடிக்கத்தானே போனார் என்று. ஆனால் அங்கே சில வருஷத்தில் மேஸ்திரியாகி, அதன்பின் பெரிய பூங்காக்களை வடிவமைத்து நிறுத்துகிறவராக ஆகிவிட்டார். ஒவ்வொரு முறை ஊருக்கு வரும்போதும் என் மனைவிக்கு அந்த ஊர்ச் சாம்பிராணி கொண்டுவருவார். அவள் அதை வெள்ளிக்கிழமைதோறும் போடுவாள். என் வீட்டில் வாரத்துக்கு ஒருநாள் அவர் வாசனை.

பூங்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். தஞ்சாவூரிலிருந்து கிழக்கே பேருந்தில் ஒரு மணி நேரத் தூரம் எங்கள் ஊர். நான்கு கடைவீதிகள் கூடுமிடத்தில் வெள்ளைக்காரர் காலத்தில் வைத்த பூங்கா அது. பேண்டு வாசிக்க எண்கோணமாக ஒரு மேடை. வடக்கு மூலையில், சாயங்காலம் செய்தி ஒலித்த வானொலி மண்டபம். நடுவில் செண்பகம். அதன் அடிமரத்தை இரண்டு பேர் கை கோத்தால்தான் கட்ட முடியும். காலையில் கதவு திறந்ததும் பக்கத்துத் தெருப் பெண்கள் பூப் பொறுக்க வருவார்கள். என் மனைவி கல்யாணமாகி வந்த மறு வாரத்திலிருந்து போனாள். வீட்டுக்கு வந்து ஒன்றைத் தலையில் செருகிக்கொண்டு, மீதியை ஒரு கிண்ணத் தண்ணீரில் போட்டு வைப்பாள். மத்தியானம்வரை கூடம் மணக்கும்.

நகராட்சியில் என் வேலைக்காலம் முழுவதும் அந்தப் பூங்கா என் பொறுப்பில் இருந்தது. எங்கள் மண் களிமண். இந்தப் பக்கத்தில் நிலம் வாங்குகிறவர் பாசனத்தைக் கேட்பதற்கு முன்னால் வடிகாலைக் கேட்பார். தண்ணீர் எப்படியும் வந்துவிடும். அதை அனுப்பி வைப்பதுதான் பாடு. பூங்காவைப் போட்டவர்களுக்கும் இது தெரிந்திருக்கிறது. மரத்துக்கு மேற்கே தரைக்கடியில் ஒரு செங்கல் மதகு கட்டியிருந்தார்கள். அதன் வாய் ஒரு கம்பித் தட்டிக்குப் பின்னால் இருக்கும். ஆள் குனிந்து போகலாம். சாலைக்கு அடியில் ஓடி, காய்கறி மார்க்கெட்டுக்குப் பின்னாலுள்ள வடிகாலில் போய் விழும். புரட்டாசியில், மழைக்கு முன்னால், ஆள் விட்டு அதைத் தூர்வாரச் செய்வேன். பூங்காவில் தண்ணீர் ஒருநாளும் நின்றதில்லை. நிற்காததற்கு ஒரு காரணம் இருக்கிறது என்பதே ஊரில் யாருக்கும் தெரியாது.

நடுவயதில் நான் அந்தப் பூங்காவைப் புதுப்பிக்க ஒரு வரைபடம் போட்டேன். ஆறு மாதம் ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து போட்டது. பாதைகள், புல்வெளி, மரத்தைச் சுற்றி உட்கார வளைவாகக் கல்பலகை, எல்லாச் சரிவும் மேற்கே மதகை நோக்கி. அப்போதிருந்த தலைவர் அதை மேசையில் விரித்து, மேலே டீ தம்ளரை வைத்து, "பாக்கலாம் சார்" என்றார். தம்ளர் வட்டத்தோடு அது என் வீட்டுப் பரணுக்குப் போனது. நான் ஓய்வு பெற்ற பிறகு பூங்காவும் பாழாயிற்று. மேடையில் ஆட்டோக்காரர்கள் சீட்டாடினார்கள். செண்பகம் மட்டும் யாரையும் எதிர்பார்க்காமல் பூத்துக்கொண்டிருந்தது.

சகலை மஸ்கட்டை விட்டுவிட்டுத் திரும்பி வந்தபோது, என் மனைவியின் தங்கை அக்காவுக்குப் பக்கத்தில்தான் இருப்பேன் என்று சொல்லிவிட்டாள். எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் வீடு கட்டினார்கள். அவர் சும்மா இருக்கிற ஆள் இல்லை. மொட்டைமாடியில் நாற்றுத் தட்டுகள், ஊர்க் கோயில் நந்தவனம், பள்ளிக்கூடத்துக்கு மரக்கன்று என்று இரண்டே வருஷத்தில் ஊருக்குள் எல்லோருக்கும் வேண்டியவர் ஆகிவிட்டார். பூங்காவைப் புதுப்பிக்க நகராட்சி முடிவு செய்தபோது வடிவமைக்கும் பொறுப்பை அவரிடம் கொடுத்தார்கள். என் வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை யாரும் கேட்கவில்லை.

அவர் கேட்டார். அதுதான் இந்தக் கதையில் என்னைத் தலைகுனிய வைப்பது.

பங்குனி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வரைபடச் சுருளோடு வந்தார். என் மனைவி காபி கொண்டுவந்து வைத்துவிட்டு அவர் பக்கத்திலேயே நின்றுகொண்டாள்.

"அண்ணே, இது உங்க பூங்கா. நீங்க பாத்துச் சொன்னாத்தான் எனக்குத் தைரியம்."

"நான் ரிட்டயர் ஆனவன். என்கிட்ட என்ன இருக்கு?"

"நல்லாச் சொன்னீங்க போங்க. நகராட்சியில பழைய பிளான் கேட்டா, கரையான் தின்னுடுச்சுங்கிறாங்க. இப்ப மிச்சம் இருக்குற ஒரே பிளான் நீங்கதான்."

என் மனைவி சிரித்தாள். "கரையான் இவங்களயும் பாதி தின்னுடுச்சு" என்றாள்.

சுருளை விரித்தார். சொல்லத்தான் வேண்டும், அழகாக இருந்தது. நான் ஞாயிற்றுக்கிழமைகளில் நினைத்ததைவிட அழகாக இருந்தது. சுற்றிலும் மண் அடித்து உயர்த்தி, நான்கு பக்கமும் புல்வெளி மெல்லச் சரிந்து நடுவில் செண்பகத்தடியில் போய்ச் சேரும்படி, ஒரு பெரிய கிண்ணம் போல அமைத்திருந்தார். கிண்ணத்தின் விளிம்பில் நடைபாதை. எங்கே உட்கார்ந்தாலும் மரம் தெரியும்.

"அங்கெல்லாம் இப்புடித்தாண்ணே. பேயிற ஒரு சொட்டு வெளிய போகக் கூடாது. எல்லாம் மரத்துக்கு."

எனக்கு உடனே புரிந்துவிட்டது. அவர் பிறந்தது பேராவூரணிப் பக்கத்து மணற்பாங்கில். தென்னையைச் சுற்றி வட்டப்பாத்தி போட்டுத் தண்ணீரைப் பிடித்து வைக்கிற இடம். வேலை கற்றது பாலைவனத்தில். இரண்டு இடத்திலும் தோட்டக்காரன் தண்ணீரைப் பிடிக்கத்தான் கற்றுக்கொள்வான். எங்கள் களிமண்ணில் அந்தக் கிண்ணம் கிண்ணமாகவே நிற்கும். ஐப்பசியில் நிரம்பும். செண்பகம் காலில் ஈரம் தங்கினால் பொறுக்காத மரம். இவ்வளவும் ஒரு மிடறு காபி இறங்குவதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது. அதற்குப் பரிகாரமும் தெரிந்தது. மதகின் அடிமட்டம் மரம் நிற்கும் தரையைவிட நான்கு அடி தாழ்வு. கிண்ணத்தின் அடியிலிருந்து அதற்கு ஒரு வழி விட்டால் போதும். அவர் வடிவத்தில் ஒரு கோட்டைக்கூட மாற்ற வேண்டியதில்லை.

அடுப்பில் பால் பொங்கும் சத்தம் கேட்டு என் மனைவி உள்ளே போனாள். அப்போது அவரே கேட்டார். "தண்ணி கிண்ணி நிக்குமாண்ணே அங்க?"

"நான் இருந்தவரைக்கும் நின்னு பாத்ததில்ல" என்றேன்.

பொய் இல்லை. அதைச் சொல்லித்தான் பல மாதம் என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப கவலயில்ல" என்று சுருளைச் சுற்றினார். திரும்பி வந்த என் மனைவி, "எவ்வளவு நல்லா இருக்குங்க!" என்றாள். பரணில் இருக்கும் என் வரைபடத்தை அவள் ஒருநாளும் விரித்துப் பார்த்ததில்லை. நான் காட்டியதும் இல்லை. அது அப்போது தோன்றவில்லை.

வேலை தொடங்கியது. வைகாசி வெயிலில் ஒருநாள் முற்பகல் அவரிடமிருந்து போன். என் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அதற்குச் சற்று முன்தான் அவளுடைய அண்ணியிடம் போனில், "நம்ம வீட்டு மாப்பிள்ள கையால ஊரே மாறப்போகுது" என்று சொல்லி முடித்திருந்தாள். நானும் அந்த வீட்டு மாப்பிள்ளைதான். ஊர்ச் சாக்கடையில் பாதி என் கையால் கட்டியது.

"அண்ணே, மேக்கால நடபாதைக்குத் தோண்டுறோம். ஒரு கம்பித் தட்டி, அதுக்குப் பின்னால செங்கல்லுல மதகு மாதிரி ஒண்ணு. உள்ள காஞ்சு கெடக்கு. இது எங்க போகுது?"

ஒரு நொடி இருந்தது. அந்த நொடியை நான் நன்றாக நினைவு வைத்திருக்கிறேன். கீரைக்கட்டின் வாழைநாரை அவள் அவிழ்த்தாள்.

"அது எங்கயும் போகல. அந்தக் காலத்துல மேடைக்கு என்னமோ பண்ண ஆரம்பிச்சுப் பாதியில விட்டது."

"அப்ப மூடிரவா?"

"மூடிடுங்க. நல்லா அடச்சு மூடிடுங்க. நடக்குறவங்க கால் உள்ள போயிரும்."

"சரிண்ணே. நல்ல வேளை, உங்களக் கேட்டேன்."

ஜனங்களுடைய கால் மேல் எனக்கு அக்கறை இருப்பதாக நானே சேர்த்துச் சொன்னேன் பாருங்கள், அதைத்தான் என்னால் இன்றும் மன்னிக்க முடியவில்லை. சாயங்காலம் நடக்கப் போகிறவன் போல அங்கே போனேன். மதகின் வாயில் கல்லும் செங்கல் துண்டும் திணித்து, மேலே கான்கிரீட் போட்டிருந்தார்கள். அது இன்னும் ஈரமாக இருந்தது. கொத்தனார் என்னைப் பார்த்து, "வணக்கம் சார், உங்க சகல சொன்னபடி அடச்சாச்சு" என்றார். அப்போதும் சொல்லியிருக்கலாம். கான்கிரீட் இறுக ஒரு நாளாவது ஆகும் என்று எனக்குத் தெரியாதா?

ஆவணியில் பூங்கா திறந்தார்கள். வரைபடத்தில் இருந்ததைவிட நேரில் நன்றாக இருந்தது. புல்வெளிச் சரிவில் ஜனங்கள் உட்கார்ந்து மரத்தைப் பார்த்தார்கள். என் மனைவியும் தங்கையும் வாசலில் நின்று மாறி மாறி போட்டோ எடுத்துக்கொண்டார்கள். மறுநாள் செய்தித்தாளில் சகலையின் படம். என் மனைவி அதை வெட்டி ஃப்ரிட்ஜ் கதவில் காந்தத்தால் மாட்டினாள். தண்ணீர் குடிக்கப் போனால்கூட அவர் முகத்தில் முழிக்க வேண்டும்.

டீக்கடையில் என்னோடு உட்கார்கிறவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். அவருக்கு என் நாடி தெரியும்.

"என்ன சார், சகல கலக்கிட்டாரே! நீங்க முப்பது வருஷம் இருந்தீங்க. ஒரு பெஞ்சு போட்டீங்களா?"

"போட்டேன். ரெண்டு."

"அதுல ஒண்ணுல ஆணி நீட்டிக்கிட்டு இருக்குமே, அதா? என் வேட்டி நாலு கிழிஞ்சிருக்கு சார் அதுல."

கடையில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே வானத்தைப் பார்த்தேன். ஒரு விவசாயி ஐப்பசிக்கு முன் வானத்தைப் பார்ப்பது போல அல்ல. அவன் பயிர் பிழைக்க வேண்டுமென்று பார்ப்பான்.

ஐப்பசி கடைசியில் மழை பிடித்தது. நான்கு நாள் விடவில்லை. ஐந்தாம் நாள் காலை குடையோடு சதுக்கத்துக்குப் போனேன். கிண்ணம் நிரம்பியிருந்தது. புல்வெளி தெரியவில்லை. செவலைத் தண்ணீருக்கு நடுவில் செண்பகம் இடுப்பளவு முங்கி நின்றது. முதலில் எனக்கு என்ன தோன்றியது என்பதை எழுதத்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறேன். சந்தோஷமாக இருந்தது. நெஞ்சில் இத்தனை வருஷம் அடைத்துக்கொண்டிருந்த ஏதோ ஒன்று இளகினாற்போல் இருந்தது. வானொலி மண்டபத்துப் படியில் ஏறி நின்று, நனையாமல், கண்குளிரப் பார்த்தேன்.

அதன்பின்தான் அவரைப் பார்த்தேன். எழுபது வயது ஆள், கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, தண்ணீருக்குள் நின்று ஒரு மூங்கில் கழியால் தரையைக் குத்திக் குத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்காவது மண் உறிஞ்சாதா, எங்காவது ஒரு வழி விடாதா என்று. நாலைந்து கடைக்காரர்கள் கரையில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஒருவர், "படகு விடலாம் போலருக்கே, மஸ்கட்காரரே!" என்று கத்தினார்.

என்னைக் கண்டதும் கையை உயர்த்தினார். "அண்ணே, நீங்க ஏன் மழையில வந்தீங்க? சளி புடிச்சுக்கும். வீட்டுக்குப் போங்க."

"மேற்கே, நடைபாதைக்கு அடியில், உடையுங்கள்." இவ்வளவுதான் நான் சொல்ல வேண்டியிருந்தது. வாய் திறந்தேன். "எஞ்சின் வெச்சு எறைங்க" என்றேன். மதகைச் சொன்னால் நான் முன்பு சொன்னது பொய் என்று ஆகிவிடும். அந்தக் கடைக்காரர்களுக்கு முன்னால் அதற்கு எனக்குத் துணிவு வரவில்லை.

வயலிலிருந்து ஆயில் எஞ்சின்கள் கொண்டுவந்து இறைத்தார்கள். இறைக்க இறைக்க மழை நிரப்பியது. தண்ணீர் வடிய இரண்டு வாரத்துக்கு மேல் ஆயிற்று.

தை மாதம் செண்பகத்தின் இலை மஞ்சளித்தது. மாசியில் மொட்டுகள் விரியாமல் கறுத்து உதிர்ந்தன. காலையில் பூப் பொறுக்கப் போன என் மனைவி, "இன்னைக்கு ரெண்டே பூ" என்று வருவாள். பிறகு, "ஒண்ணு." பிறகு போவதை நிறுத்திவிட்டாள். கிண்ணத்தைக் கழுவி அடுக்கில் கவிழ்த்தாள். பங்குனியில் பட்டை கையோடு உரிந்து வந்தது.

பூங்கா மேடையில் ஊர்க்காரர்கள் கூட்டம் போட்டார்கள். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். ஆளாளுக்குப் பேசினார்கள். நூறு வருஷத்து மரத்தைக் கொன்றுவிட்டார், பாலைவனத்தில் வேலை பார்த்தவருக்கு இங்கே என்ன தெரியும் என்றார்கள். சகலை எழுந்தார். இப்போது சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். சொன்னால் மறுத்துவிடுவது என்றும் நினைத்திருந்தேன். வெட்கத்தோடு எழுதுகிறேன்.

"தப்பு என்னுதுதாங்க. நான் மணல் பூமிக்காரன். இந்த ஊர்க் களிமண்ணப் பத்தி யார்கிட்டயும் கேக்காம செஞ்சுட்டேன்."

"வீட்டுலயே ஒரு இன்ஜினியர வெச்சுக்கிட்டு, கேக்காம விட்டிருக்காரு பாருங்க!" என்றார் ஒருவர். ஜனங்கள் திரும்பி என்னை அனுதாபத்தோடு பார்த்தார்கள். அவர் மட்டும் என் பக்கம் திரும்பவில்லை.

வீட்டுக்கு வந்ததும் என் மனைவி பிடித்துக்கொண்டாள். "ஏங்க, அவருதான் களிமண்ணப் பத்திக் கேக்கலன்னா, நீங்களா போய் ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா? அப்படி என்ன வீம்பு?" அவர் கேட்டார் என்று சொன்னால் வீம்பு என்ற பழியிலிருந்து நான் தப்பிக்கலாம். அவர் கேட்டார் என்று சொன்னால் நான் என்ன பதில் சொன்னேன் என்பதில் மாட்டிக்கொள்வேன். அன்று சாப்பிடாமல் படுத்தேன்.

சித்திரையில் மரத்தை வெட்டினார்கள். ரம்பத்தின் சத்தம் எங்கள் தெருவரை கேட்டது. அது நின்றதும் செருப்பை மாட்டிக்கொண்டு சகலையின் வீட்டுக்குப் போனேன். மொட்டைமாடியில் நாற்றுத் தட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்து பைகளில் மண் நிரப்பிக்கொண்டிருந்தார். நான் நின்றபடியே சொன்னேன். மதகைச் சொன்னேன், அது எங்கே போகிறது என்று சொன்னேன், தெரிந்துதான் மூடச் சொன்னேன் என்று சொன்னேன். அவர் கை நிற்கவில்லை. ஒரு பையை நிரப்பித் தட்டி, ஓரமாக வைத்தார்.

"தெரியும்ணே."

"எப்படி?"

"தண்ணி வடிஞ்ச பெறவு மார்க்கெட்டுப் பின்னால வடிகாலப் பாக்கப் போனேன். அங்க கீர விக்கிற அம்மா சொன்னாங்க. 'முன்னெல்லாம் மழ பேஞ்சா பூங்காத் தண்ணி இந்தப் பொந்துலதான் கொட்டும். புரட்டாசியில இன்ஜினியரய்யா வந்து நின்னு தூர்வாரச் சொல்வாங்க'ன்னு."

"பின்ன ஏன் கூட்டத்துல சொல்லல?"

"சொல்லி? மரம் வந்துருமா? அக்காளும் தங்கச்சியும் தெருவுல மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போவாங்க. அது ஒண்ணுதான் நடக்கும்." அடுத்த பையை எடுத்தார். "ஒண்ணு மட்டும் கேட்டுக்குறேண்ணே. நான் உங்கள என்ன பண்ணினேன்?"

என்ன சொல்வது? மீன் தலையைச் சொல்வதா, சாம்பிராணியைச் சொல்வதா? "மாமா ஒருதடவை உங்களப் பத்திச் சொன்னாரு. மூத்தவரு படிச்சவரு, இளையவரு நம்ம ஆளுன்னு" என்றேன். சொல்லும்போதே அது எவ்வளவு சிறியது என்று தெரிந்தது.

அவர் கை அப்போதுதான் நின்றது. "அப்படியா சொன்னாரு? எப்ப? எனக்குத் தெரியவே தெரியாதேண்ணே."

அவர் முகத்தைப் பார்த்தேன். மரம் வெட்டுப்பட்ட அன்று, தன்னைக் கெடுத்தவன் எதிரில் நிற்கும்போது, அந்த முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. "நம்ம ஆளுன்னா சொன்னாரு?" என்று மறுபடி கேட்டார். நாற்பது வருஷம் நான் யாரிடமும் சொல்லாமல் பூட்டி வைத்திருந்த பாராட்டை என் வாயாலேயே அவரிடம் கொண்டுபோய்ச் சேர்த்திருந்தேன். மன்னிப்புக் கேட்கப் போன இடத்தில், அந்த நிமிஷத்திலும், எனக்கு வயிறு எரிந்தது. இதை மறைத்தால் நான் எழுதிய மற்றது எதற்கும் மதிப்பில்லை.

ஆனால் அவர் பெயரை நான் மீட்டுக் கொடுக்க வேண்டும். மறுநாள் டீக்கடையில் எல்லோர் முன்னாலும் சொன்னேன். அவர் கேட்டார், நான்தான் தெரிந்தே தப்பாகச் சொன்னேன் என்று. தலைமையாசிரியர் டீ தம்ளரைக் கீழே வைத்தார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சகலைக்காகப் பழிய நீங்க ஏத்துக்கறீங்க. இந்தக் காலத்துல யாரு சார் செய்வா?"

"இல்ல சார். நிஜமாவே நான்தான்."

"விடுங்க சார், எங்களுக்குத் தெரியாதா? பெஞ்சு பத்திச் சொன்னத மனசுல வெச்சுக்காதீங்க."

நகராட்சிக்குக் கடிதம் எழுதினேன். தங்கள் ஆலோசனைக்கு நன்றி என்று பதில் வந்தது. ஊரில் என் மதிப்பு கூடிவிட்டது. பெரிய மனசுக்காரர் என்று பெயர். சகலை இன்னும் மரத்தைக் கொன்றவர்தான். செய்ததையும் மறைத்தேன், சொல்லியும் லாபம் பார்த்தேன் என்று ஆயிற்று. பேச்சில் நம்பாததை எழுத்தில் நம்புவார்களா என்று பார்க்கத்தான் இதை எழுதுகிறேன்.

உடனே நம்பியவள் என் மனைவி ஒருத்திதான். நான் பாதி சொல்லும்போதே, "கீரை ஆஞ்சுக்கிட்டு இருந்தேன். நான் பக்கத்துலதான் இருந்தேன்" என்றாள். "மூடிடுங்க, கால் உள்ள போயிரும்னு சொன்னீங்க. எவ்வளவு அக்கறைன்னு அப்ப நெனச்சுக்கிட்டேன்." எழுந்து அடுப்படிக்குப் போனாள். ஃப்ரிட்ஜ் கதவில் அந்தப் படம் அப்படியே இருக்கிறது. நான் அதை எடுக்கச் சொல்லப் போவதில்லை.

புரட்டாசியில் நடைபாதையை உடைத்து மதகைத் திறந்தார்கள். நகராட்சி சகலையைத்தான் மறுபடி கூப்பிட்டது, கெடுத்தவரே சரி செய்யட்டும் என்று. அவர் என்னைக் கூப்பிட்டார். பரணிலிருந்து என் பழைய வரைபடத்தை எடுத்துக்கொண்டு போனேன். டீ தம்ளர் வட்டத்தைப் பார்த்து, "இது எந்த மரம்ணே?" என்றார். நான் சிரித்துவிட்டேன். மதகு போகும் கோடு அதில் தெளிவாக இருந்தது.

மரம் நின்ற இடத்தில், வேரைத் தோண்டி எடுத்த குழியை நிரப்பி, மேடு எழுப்பினார்கள். ஒரு செண்பகக் கன்று கொண்டுவந்திருந்தார், அவர் மாடியில் வளர்த்தது. முழங்கை உயரம் இருக்கும். அது பூக்கும்போது நாங்கள் இருவரும் இருப்போமா தெரியாது. ஆட்கள் மண்வெட்டியோடு நின்றார்கள்.

"அண்ணே, இந்த மேடு போதுமா?"

பழைய மாதிரியே கேட்டார். குரலில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். அவர் பின்னால் மேடையில் உட்கார்ந்திருந்த இரண்டு பேர், சகலைகள் எவ்வளவு ஒற்றுமை என்று பேசிக்கொண்டது காதில் விழுந்தது.

"இன்னொரு அடி" என்றேன்.

அவர் சரிபார்க்கவில்லை. வரைபடத்தைப் பார்க்கவில்லை. ஆட்களைப் பார்த்து, "இன்னொரு அடி போடுங்கப்பா, அண்ணன் சொல்லிட்டாங்க" என்றார். அவர்கள் மண்ணைக் கொட்டத் தொடங்கினார்கள். நான் நடைபாதையிலிருந்து கீழே இறங்கி, கொத்தனாரிடமிருந்து டேப்பை வாங்கி, என் வாயை நம்பாமல், மதகின் அடியிலிருந்து மேட்டின் தலைவரை நானே ஒருமுறை அளந்தேன்.